மானிப்பாயில் முடிந்தது இங்கே முடியாதா?

மதிப்பிற்குரிய உடற்கூறியல் துறைத் தலைவர் அவர்களுக்கும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் துறையில் டியூட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் எலும்பு வைவாவில், அந்த வாய்மொழித் தேர்வில், நடந்ததை உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி நினைத்துப் பார்க்கச் சொல்வேன். நான் அங்கே இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்த அந்தப் பெண், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் பழைய எலும்பு செட்டை வைத்துச் செய்து காட்டினாள்.

மேல்கை எலும்பான ஹியூமரஸைக் கொடுத்தீர்கள். வலதா இடதா என்று சரியாகப் பிடித்தாள். பின்பக்கம் சாய்வாக இறங்கும் பள்ளத்தில் விரலை வைத்தாள். அங்கே முறிந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். ‘ரேடியல் நெர்வ்’ என்றாள், அந்தப் பள்ளத்தில் ஓடும் நரம்பைச் சொல்லி. அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. கையை நீட்டி மணிக்கட்டைத் தளர விட்டாள். தண்ணீர் காணாத வெற்றிலைக்கொடி மாதிரி கை தொங்கியது. ‘முழங்கையை நீட்டலாம் சார், மணிக்கட்டைத்தான் தூக்க முடியாது’ என்றாள். முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசைக்குப் போகும் கிளைகள் மேலேயே பிரிந்துவிடுகின்றன என்பது தெரியாமல் இந்தப் பதில் வராது. ஆங்கிலத்தில் தேய்த்து ஒப்பிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். நீங்களோ, ‘தமிழ்ல எல்லாம் அனாட்டமி கிடையாதும்மா’ என்று எலும்பைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டீர்கள்.

கிடையாதா?

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயது. தமிழ் படித்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்திக்கொண்டே பையன்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் சம்பளம் பார்த்து வெளியே போய்விடுகிறார்கள், கிராமத்தில் தங்கமாட்டேன் என்கிறார்கள் என்று கண்டபின், 1860-களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அவரிடம் படித்து வந்த அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களில் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். லண்டனில் 1858-இல் வெளிவந்த கிரேயின் உடற்கூறு நூல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872-இல் தமிழில் அச்சாகிவிட்டது. என் மேசையில் அதன் நிழற்படி இருக்கிறது.

அவர் சொற்கள் எல்லாம் இனிக்கும் என்று சொல்லமாட்டேன். ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற தலைப்பை முதலில் பார்த்தபோது சுகரணவாதம் ஏதோ மூட்டுநோய் என்றுதான் நினைத்தேன். உடலியங்கியலாம். கெமிஸ்ட்ரி அவருக்குக் ‘கெமிஸ்தம்’. தமிழில் சொல் இருந்தால் அது, இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் தோதுப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவர் முறை. பிடிவாதம் இல்லாத மனிதர். 1873-இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் மருத்துவ நூல் வேலையை விடவில்லை. 1884-இல் இறந்தார். அமெரிக்காவில், வூஸ்டரில் இருக்கும் கல்லறையில் அவரைத் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறித்திருக்கிறார்கள். பாஸ்டன் பக்கத்துப் பிள்ளைக்கு வந்த தமிழ், நம் தேர்வு அறைக்குள் வரக்கூடாதாம்.

நான் கேட்பது தமிழ்வழி மருத்துவக் கல்வி அல்ல. அந்தச் சண்டைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். முதலாண்டு வைவாவில், கலைச்சொல்லை ஆங்கிலத்தில் சொல்லி விளக்கத்தைத் தமிழில் சொல்லும் மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். மாலை கிளினிக்கில் ‘கை தொங்குதா பாட்டி, எப்போலேர்ந்து?’ என்று கேட்கிற அதே வாய்தான் காலையில் ‘இன் இங்கிலீஷ்’ என்கிறது. பாட்டிக்குத் தெரிந்த மொழி பேத்திக்கு மட்டும் தகுதிக் குறைவா? கல்லூரி வாசலில் ‘தமிழ் வாழ்க’ என்று பச்சை விளக்கு எரிகிறது. கரண்ட் பில்லாவது மிச்சமாகட்டும், அணைத்துவிடுங்கள்.

மன்னிக்கவும். கோபத்தில் வந்துவிட்டது. நீங்கள் கெட்டவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களில் இருவர் என் டேபிளில் டிசெக்‌ஷன் செய்தவர்கள். அன்று நரம்பைத் தேடிக் கொழுப்பை விலக்கும்போது உங்களிடம் நான் எந்த மொழியில் பேசினேன் என்று நினைவிருக்கும்.

சப்ளிமெண்டரி தேர்வு அடுத்த மாதம் வருகிறது. தயவுசெய்து அதற்குள் துறைக் கூட்டம் கூட்டி முடிவெடுங்கள். கேள்வி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதே ஹியூமரஸையே அவள் கையில் கொடுங்கள். அவள் தமிழில் சொல்லும் பதிலை முழுவதும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டியூட்டர்