வீட்டில் கட்டிய ட்வின் டர்போவைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கொடுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டு ஷெட்டில் 3 லிட்டர் வி6 (வி வடிவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர்) ஹோண்டா அக்கார்டு ஒன்று எஞ்சின் இல்லாமல் நிற்கிறது. எஞ்சின் பக்கத்திலேயே ஸ்டாண்டில் இருக்கிறது. அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போ (வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டி முடித்தாகிவிட்டது. இதைத்தான் ட்வின் டர்போ என்கிறோம். காரில் மட்டும் ஏற்றவில்லை. ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை மீறியவனாகிவிடுவேன்.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சரைப் பிடுங்கிவிட்டு நள்ளிரவில் ஊரை எழுப்புகிறவனுக்கும், கண்ணைப் பறிக்கும் விளக்கோடு நெடுஞ்சாலையில் வருகிறவனுக்கும் இந்தத் தண்டனை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. ஒழுங்காகக் கட்டிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்க நாட்டில் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

ட்வின் டர்போ நம் சாலைக்குப் புதிதில்லை. எத்தனையோ முக்கியப் பிரமுகர்கள் போய்வந்த டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 200இன் 4.5 லிட்டர் வி8 டீசலில் இருந்ததும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போதான். ஒரு பெரிய டர்போவைவிட இரண்டு சின்ன டர்போவின் சக்கரங்கள் எடை குறைவு. அதனால் சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், மிதித்த கணத்துக்கும் இழுவை வரும் கணத்துக்கும் இடைவெளி குறையும். வி6 எஞ்சினுக்கு இது இயல்பாகவே பொருந்தும். என்னிடம் உள்ள அக்கார்டு எஞ்சினில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே தனியாகக் கிடையாது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டோடு சேர்த்து வார்த்திருக்கிறார்கள், பக்கத்துக்கு ஒரே வாய். அந்த வாயில் ஒரு ஃபிளேஞ்ச் (இணைப்புத் தகடு) கடைந்து மாட்டினால் டர்போ உட்கார்ந்துவிடும். கோவையில் அதைக் கடைந்து தர லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், தடையால் பிடிக்க முடியாதது, சோதனையால் மட்டுமே பிடிக்க முடிவது, அங்கேதான் இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி. ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகும். வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது, தன் எடையால் வழிந்து, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். அந்தத் திரும்பும் குழாய் போதிய அகலம் இல்லாமலோ, நடுவில் ஓர் இடத்தில் தொங்கியோ, சம்ப்பின் ஆயில் மட்டத்துக்குக் கீழே சேர்ந்தோ இருந்தால், ஆயில் தேங்கி சீல் வழியாக எக்ஸாஸ்டுக்குள் கசியும். அந்த எக்ஸாஸ்ட் முழு பாரத்தில் 800, 900 டிகிரி செல்சியஸைத் தொடும். பக்கத்தில் கவசமில்லாத பெட்ரோல் குழாயோ பிரேக் ஃபுளூயிட் குழாயோ போனால் என்ன ஆகும் என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிகிற விஷயம் இது. இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டியது யாருடைய வேலையும் இல்லை.

எரிபொருளும் அப்படித்தான். 10:1 கம்ப்ரஷனில் (காற்றைப் பத்தில் ஒரு பங்காக அழுத்தும் விகிதத்தில்) பிறந்த எஞ்சினுக்கு 0.4 பார் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தால் சிலிண்டருக்குள் காற்று ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். அதே அளவுக்குப் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் பம்ப்பும் ஈடுகொடுக்காவிட்டால் கலவை மெலிந்து, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து, பிஸ்டன் போய்விடும். அரசே பங்க்குகளுக்குக் கொண்டுவந்த இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இதில் உதவுகிறது. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் திறன் அதிகம், ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிர்விக்கும். ஆனால் பழைய காரின் ரப்பர் குழாய்களை மாற்றியாக வேண்டும். மாற்றியிருக்கிறானா என்று சோதிப்பதும் எளிது.

பிரேக்கை நம் பசங்க கடைசியில்தான் நினைக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 120இலிருந்து நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் இரண்டேகால் மடங்கு. குதிரைத்திறனைக் கூட்டியவன் டிஸ்க்கையும் மாற்றினானா என்று கேட்கும் ஓர் அதிகாரி இருந்தாலே பாதிப் பேர் ஒழுங்காகிவிடுவார்கள்.

மாற்றமே கூடாது என்பது உங்கள் கொள்கையும் இல்லையே. சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுக்கு 52ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. பழைய காரை மின்சாரக் காராக்கும் கிட்டுக்கு ஏஐஎஸ்-123 என்ற தரநிலை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைக்கலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்காக விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதே பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. ஆனால் கிட் என்றால் அதைத் தயாரிக்க ஒரு நிறுவனம் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 126இன் மாதிரிச் சோதனையும் தயாரிப்பாளர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. வீட்டில் ஒரே ஒரு கார் கட்டுகிறவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் என்று ஒரு முறை இருக்கிறது. தன் கையால் கார் கட்டியவர் அதை அரசுச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். பிரேக், ஸ்டியரிங், புகை, சத்தம் எல்லாம் பார்த்து, தேறினால் பதிவு. ஆஸ்திரேலியாவில் விஎஸ்பி 14 என்ற விதித்தொகுப்பு உண்டு. எந்த எடைக் காருக்கு எவ்வளவு பெரிய எஞ்சின், டர்போ இருந்தால் வரம்பு எவ்வளவு என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். பெரிய மாற்றங்களுக்கு அங்கீகாரம் பெற்ற பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாட்டிலும் கேட்பது ஒன்றே: கட்டியது தாங்குமா?

எங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய எஸ். கரிவரதன் கோவைக்காரர். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். "அப்படியென்றால் பந்தயத் தளத்திலேயே ஓட்டிக்கொள்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பந்தயம் வேண்டாம். குடும்பத்தோடு ஊட்டி மலை ஏற, சத்தமில்லாமல் இழுக்கிற ஒரு கார் வேண்டும். அதை ஆர்சியில் ஏற்றி, இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லி, முறையாக ஓட்ட வேண்டும். மறைத்து மாற்றிய வண்டி யார்மேலாவது மோதினால், இழப்பீட்டுக்காக அலையப்போவது அந்த அப்பாவிதான்.

ஆகவே கேட்கிறேன். ஒரகடத்தில் ஜிஏஆர்சி, புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட் என்று வாகனச் சோதனை நிலையங்கள் இருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றில், ஆண்டுக்குச் சில வண்டிகள் என்றாலும் சரி, தனி வாகனச் சோதனையைத் தொடங்குங்கள். வேலை தொடங்கும் முன் வரைபடத்துக்கு ஒப்புதல், எஞ்சின் ஏற்றும் முன் வெல்டிங்கையும் குழாய்களையும் பார்வையிடல், முடிந்தபின் பிரேக், புகை, சத்தம், டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) சோதனை என்று மூன்று கட்டம் போதும். கட்டணம் முழுவதும் உரிமையாளர் தலையில் வையுங்கள், மறுக்க மாட்டோம். பூஸ்ட் வரம்பை ஆர்சியில் அச்சிடுங்கள், ஆண்டுதோறும் திரும்பச் சோதியுங்கள். தேறாத வண்டியை எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

என் எஞ்சினின் ஒவ்வொரு வெல்டுக்கும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆயில் குழாய் அளவு, இன்ஜெக்டர் கணக்கு, இசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) டியூன் கோப்பு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறது. எந்தத் தேதி சொன்னாலும் ஒரகடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கார் கட்டுபவன்