இந்தக் கோடையில் பிள்ளைகளை டக்ஸ்ஃபோர்டுக்குக் கூட்டிப் போங்கள்

இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கோடைச் சுற்றுலா என்றால் கடற்கரை, இல்லாவிட்டால் தீம் பார்க். இந்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே உள்ள டக்ஸ்ஃபோர்டு விமானத் தளத்துக்குப் போகலாமே! 1938 ஆகஸ்டில் முதல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் பணிக்கு வந்து இறங்கிய இடம். இப்போது அருங்காட்சியகம்தான், ஆனாலும் ஓடுபாதை ஓயவில்லை. காசு கட்டினால் டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கை விமானத்தில் ஒரு சுற்று வரலாம். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் முன் அனுமதி வாங்கி வந்து இறங்குகிறார்கள். இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரிலும் ஆள் ஏற்றுகிறார்கள். அதற்கான கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும், பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

நான் எழுதுவதற்கு உண்மையான காரணம் வேறு. 1940 மே மாதம் இங்கே இருந்தது பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் ஸ்குவாட்ரன், அதாவது ஒரு போர் விமானப் பிரிவு. பிரான்ஸில் ஜெர்மானியர் சூழ்ந்த படைகளைக் கடல் வழியே மீட்டபோது டன்கர்க் வானில் சண்டையிட்ட படை. மதராஸ் மாகாணம் கொடுத்த போர் நிதிக்காக அதன் பெயரோடு 'மதராஸ் மாகாணம்' என்பதையும் சேர்த்தார்கள். அவர்கள் ஓட்டிய டிஃபையன்ட் போர் விமானத்தில் விமானிக்கு முன்னால் சுட ஒரு துப்பாக்கியும் கிடையாது. நான்கும் பின்னால் சுழல்கூண்டில், இன்னொருவர் கையில். முதலில் எதிரி பின்னால் வந்து ஏமாந்தான். சூட்சுமம் புரிந்ததும் நேராக முன்னால் வந்து அடித்தான். ஆகஸ்டில் படைத்தலைவர் உட்படப் பலர் திரும்பவில்லை. அப்புறம் டிஃபையன்ட்டை இரவுச் சண்டைக்கு மாற்றிவிட்டார்கள்.

இதை வெறும் பெருமையாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கியதை எதிர்த்து, 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. அதற்குப் பிறகு மாகாணம் ஆளுநரின் கையில். அந்தக் காலத்தில் திரண்ட நிதி இது. யார் மனமுவந்து கொடுத்தார்கள், யார் அதிகாரிக்குப் பயந்து கொடுத்தார்கள்? பெரிய வகுப்புப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டாலும் கேள்வியை அடக்காதீர்கள்.

விமானக் கண்காட்சி நாளைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் சிறுசுகளைத் தேடியே பொழுது போய்விடும். சாதாரண நாளில் வேலியோரம் நின்றாலே போதும், ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் உறுமல் நெஞ்சில் அதிரும். 1940இல் இருந்தபடியே சீரமைத்த கட்டுப்பாட்டு அறையையும் விடாதீர்கள். ரயிலில் வருபவர்கள் விட்டில்ஸ்ஃபோர்டில் இறங்க வேண்டும். மேகம் தாழ்ந்திருந்தால் எதுவும் பறக்காது, வானிலை பார்த்து நாள் குறியுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப் பள்ளி மாணவியின் தந்தை