0.73 பிழையல்ல

ஆசிரியருக்கு,

ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி. அங்கே ராக்கெட்டுகளின் கிரையோஜெனிக் (கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும்) இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அத்தகைய கடுங்குளிரைக் கொண்டு அலுமினியத்தின் தன்வெப்பத்தை (ஒரு கிராமின் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தத் தேவையான ஜூல்) குமரி மாவட்டக் கல்லூரி மாணவர்களும் அளந்து பார்க்கலாம். கால்நடைத் துறை உறைவிந்தைப் பாதுகாக்கப் பயன்படுத்தும் திரவ நைட்ரஜனே போதும்.

தராசுத் தட்டில் மரப்பலகை, அதன்மேல் தெர்மோகோல் கப். பலகை இல்லாவிட்டால் தட்டு குளிர்ந்து அளவு நழுவும். 200 கிராம் ஊற்றி, 30 நொடிக்கு ஒருமுறை 5 நிமிடம் எடையைக் குறியுங்கள். இது இயல்பான இழப்பு. பிறகு அறை வெப்பநிலையிலுள்ள 50 கிராம் அலுமினியத் துண்டை நூலில் கட்டி மெல்ல இறக்குங்கள். கொதிப்பு கடைசியில் சட்டெனச் சீறி அடங்கும். உலோகத்தைச் சுற்றியிருந்த ஆவிப்படலம் உடைவதே காரணம். அடங்கிய பிறகும் 5 நிமிடம் குறிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இயல்பான இழப்பைக் கழித்தால் சுமார் 41 கிராம் ஆவியாகியிருக்கும். ஒரு கிராம் திரவ நைட்ரஜன் ஆவியாக 199 ஜூல், வெப்பநிலை வேறுபாடு 223 கெல்வின் என்று கணக்கிட்டால் தன்வெப்பம் 0.73 வரும். பாடநூலில் 0.90 என்றிருப்பதால் மாணவர் பயந்து எண்ணைத் திருத்துகிறார். திருத்தவே வேண்டாம்! 0.90 அறை வெப்பநிலைக்கான மதிப்பு. குளிரக் குளிரத் தன்வெப்பம் குறையும். அறை வெப்பநிலையிலிருந்து திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வின் வரையிலான சராசரியே 0.73. செய்முறைத் தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

கடலோர ஈரக்காற்றில் கப்பின் விளிம்பில் உறைபனி படிந்து எடை கூடும், சோதனையை நீட்டாதீர்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், கண்ணாடி அணியுங்கள். திரவ நைட்ரஜன் குடுவையை இறுக மூடவே கூடாது: 1 லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும்.

இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
நாகர்கோவில்