துகேலா ஆற்று முகாம்: சனி, ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து சனி காலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். கோடையில் டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அதற்குள் படகு கரையேறிவிட வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கிப் பார்க்கட்டும். காதுவரை ஏறினால் அது தளர்வு. துடுப்பின் நுனிப்பிடியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பல் உடைவது அதனால்தான். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து வாருங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்கவே கூடாது, முழங்கால் ஆழமாக இருந்தாலும். பாறையிடுக்கில் கால் மாட்டினால் வேகம் ஆளையே கவிழ்த்து அமுக்கிவிடும். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே படுக்க வைத்துப் பழக்குங்கள், தயவுசெய்து.

வார்ச்செருப்பு வேண்டாம், கட்டும் ஷூ போதும். கண்ணாடிக்குக் கயிறு.

கூடாரம் மணல்திட்டில் வேண்டாம், மேட்டில்தான். மலையில் பெய்த மழை, இங்கே ஒரு துளி விழாமலே, இரவில் ஆற்றை உயர்த்திவிடும். அடுப்புக்கு ஆற்றுக்கல் அடுக்காதீர்கள். உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும். படுக்குமுன் தணலில் நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

தேங்கிய ஓரநீரில் பில்ஹார்சியா (தோல்வழி உடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணிப் புழு நோய்) உண்டு. அங்கே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். திரும்பி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ரொட்டி, ஆட்டிறைச்சிக் கறி யார் கொண்டு வருகிறீர்கள் என்று இன்றிரவே எழுதுங்கள்.