ஹெடி லமாரின் காகிதச் சுருள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். மகள் மின்னணுத் தொடர்பியல் படிப்பில் சேர்ந்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தது. வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஒரு நடிகை என்று சொல்கிறார்களே, அது மெய்தானா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த நடிகையான ஹெடி லமாருக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. ஆனால், அவர் உண்மையில் செய்த வேலையைச் சரியாக அறிந்துகொண்டால் அவர்மீதுள்ள மதிப்பு கூடவே செய்யும்.

1914-இல் வியன்னாவில் பிறந்த அவர், ஆயுத உற்பத்தியாளரான முதல் கணவரைப் பிரிந்து ஹாலிவுட்டுக்கு வந்தவர். வானொலி அலையால் செலுத்தப்படும் டார்பிடோவை (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டை), அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பி எதிரி திசைமாற்றிவிட முடியும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்ற யோசனை அவருக்கு முன்பும் சிலருக்குத் தோன்றியதுண்டு. கப்பலிலும் டார்பிடோவிலும் அந்த மாற்றம் ஒரே கணத்தில் நிகழ்வது எப்படி? துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே இசைக்கும் பியானோக்களைக் கையாண்டு பழகிய இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலுடன் சேர்ந்து அவர் கண்ட வழி, ஒரே மாதிரி துளையிட்ட இரண்டு காகிதச் சுருள்களை இரு முனைகளிலும் வைத்து, ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே வேகத்தில் ஓடவிடுவது; துளைகளுக்கேற்ப இரு முனைகளிலும் அலைவரிசை ஒன்றாக மாறும். பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் வரை இதில் சாத்தியம். காப்புரிமை விளக்கத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ஒன்றுண்டு: அனுப்பும் கருவிக்கு ஏழு அலைவரிசைகள், பெறும் கருவிக்கு நான்குதான். எஞ்சிய மூன்றும் எதிரியை ஏமாற்றுவதற்கென்றே சேர்க்கப்பட்டவை!

1942 ஆகஸ்ட் 11 அன்று, ஹெடி கீஸ்லர் மார்க்கி என்ற அவருடைய மணவாழ்க்கைப் பெயரில், ஆந்தைலின் பெயருடன் சேர்த்து, 2,292,387 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படை அதை இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்தவில்லை. இவ்வளவு யோசித்த பெண்ணைப் போர்க்கால நிதிப் பத்திரங்கள் விற்கும் மேடைகளில் நிறுத்தியதோடு நாடு நிறைவடைந்ததை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. காப்புரிமைக் காலமும் கழிந்தது, காசும் வரவில்லை. 1997-இல் இணைய உரிமைகளுக்கான EFF அமைப்பின் முன்னோடி விருது வந்தபோது அவருக்கு 82 வயது, 2000-இல் காலமானார்.

இன்றைய வைஃபை அலைவரிசை தாவும் இம்முறையில் இயங்குவதில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். புளூடூத்தைத்தான் அவள் பார்க்க வேண்டும்: அதன் மூல வடிவம் 79 அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. காப்புரிமை ஆவணம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படங்களோடு அவள் படித்துவிட்டு, இரு சுருள்களையும் ஒருங்கே தொடங்கவைக்கும் மின்காந்த அமைப்பைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்