சிறுநீர் ரிப்போர்ட் நார்மல் என்றால் கல்லீரலும் நார்மலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்தைச் சிறுநீரை வைத்தே கணித்துவிடலாம் என்ற தலைப்பில் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். உள்ளே இருந்ததில் பெரிய பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அந்தத் தலைப்பு எங்கள் வீட்டில் ஒரு வேலை செய்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மைத்துனருக்கு ஐம்பது வயது. சிறுநீரகக் கல்லுக்காக வயிற்றில் ஸ்கேன் எடுத்தபோது, கல்லோடு சேர்த்து 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்றும் எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவர் சில இரத்தப் பரிசோதனைகளை எழுதி, அவற்றோடு மறுபடி வரச் சொல்லியிருந்தார். இதற்கு நடுவில் உங்கள் இதழ் வந்தது. மனிதர் பழைய சிறுநீர் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தார். உங்கள் செய்தி சொன்ன ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் அதில் 18. "மச்சான், 30க்குக் கீழ இருந்தா நார்மல்னு போட்டிருக்கு. அப்போ ஸ்கேன்ல சொன்னது சும்மா பயமுறுத்தல்தானே?" என்று என்னிடமே வந்து கேட்டார். இரத்தம் கொடுக்கப் போகவில்லை.

நான் மருத்துவன் இல்லை. முப்பது வருடம் ஆய்வகத்தில் சிறுநீர் டப்பாக்களோடு குப்பை கொட்டியவன். அந்த உரிமையில் சில விஷயங்கள்.

அந்த விகிதம் அளப்பது சிறுநீரகத்தை. வடிகட்டி சரியாக இருந்தால் ஆல்புமின் என்ற புரதம் மிகக் கொஞ்சமாகத்தான் சிறுநீரில் இறங்கும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் வடிகட்டியில் கசிவு இருக்கலாம் என்று பொருள். சரி, இதற்கும் கல்லீரலுக்கும் என்ன உறவு? இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு, இரத்த அழுத்தம், இடுப்பைச் சுற்றிய பருமன் ஆகியவை சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுக்கின்றன. அதே கோளாறுகள்தான் கல்லீரல் செல்களிலும் கொழுப்பை ஏற்றுகின்றன. அதனால் பெருங்கூட்டமாக எடுத்துப் பார்த்தால், ஆல்புமின் கசிகிறவர்களிடம் ஃபேட்டி லிவரும் கூடுதலாக இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால் நிற்காது. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு தங்கினாலே அது ஃபேட்டி லிவர்தான். அந்தக் கொழுப்பு சிறுநீரில் வந்து ஆஜர் கொடுப்பதில்லை. சிறுநீரகம் நன்றாகவே வடிகட்டிக்கொண்டிருக்க, கல்லீரல் கொழுத்துக்கொண்டே போகலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இவற்றில் எது இருந்தாலும் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும். அதனால்தான் ஒரே சாம்பிளை நம்பாமல், சில மாத இடைவெளியில் திரும்பவும், முடிந்தால் காலையின் முதல் சிறுநீரில், பார்க்கச் சொல்கிறார்கள். கிரியாட்டினின் வருவது தசையிலிருந்து. தசை வற்றிய ஒருவருக்குக் கீழே வகுக்கும் எண் சிறியதாகி, விகிதம் தானாகவே பெரிதாகத் தெரியும்.

சிறுநீரின் அமிலத்தன்மையைப் பற்றி உங்கள் செய்தி ஒரு வரியில் தாண்டிவிட்டது. எனக்கு அதுதான் சுவாரசியம். இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் சிறுநீரகம் அமோனியாவைக் குறைவாகச் சுரக்கிறது. அமிலத்தை ஈடுகட்ட ஆளில்லாமல் சிறுநீர் புளித்துப்போகிறது. பிஹெச் (அமிலத்தன்மையைச் சொல்லும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5க்குக் கீழே இறங்கினால் யூரிக் அமிலம் கரையாமல் கல்லாகத் திரளும். என் மைத்துனரின் கல் அந்த வகையா என்று யாரும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் அதுவே ஒரு துப்பாக இருந்திருக்கும். ஆனாலும் பிஹெச் மாதிரிப் பிடிகொடுக்காத எண் வேறில்லை. சாப்பாட்டுக்கேற்ப மாறும். டப்பா வெயிலில் ரெண்டு மணி நேரம் கிடந்தால் பாக்டீரியா யூரியாவை உடைத்து அமோனியாவாக்கி, எண்ணை மேலே தூக்கிவிடும். எத்தனை டப்பாவை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுநீரில் பிலிருபின் என்ற பித்த நிறமி தெரிந்தால் அது கல்லீரல் அல்லது பித்தக்குழாய்ச் சிக்கலைக் காட்டும், உண்மை. ஆனால் வெறும் ஃபேட்டி லிவர் பல வருடம் ஒரு நிறமும் மாற்றாமல் இருக்கும்.

அப்புறம் அந்த ரசாயனங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட், பிஸ்பினால்-ஏ இவற்றின் சுவடு சிறுநீரில் அதிகமாக இருப்பவர்களிடம் கல்லீரல் கொழுப்பும் அதிகம் என்று மக்கள்தொகை ஆய்வுகள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இவை உடம்பில் தங்குவது சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். கல்லீரல் கொழுப்பதோ பல வருடக் கதை. நேற்றைய சிறுநீரை வைத்துப் பத்து வருடத்துக்குத் தீர்ப்பு எழுத முடியுமா? காட்மியம் என்ற உலோகம் வேறு ரகம். சிறுநீரகத்தில் பத்து, இருபது வருடம் குடியிருக்கும், ஆகவே சிறுநீரில் அதன் அளவு நீண்ட காலக் கணக்கைக் காட்டும். இந்த இரண்டு வகையையும் ஒரே பத்தியில் ஒரே குரலில் சொன்னது எனக்கு உறுத்தியது. ரசாயனத்தையும் கல்லீரல் கொழுப்பையும் ஒரே சமயத்தில் அளந்து பார்க்கும் ஆய்வு, எது முன்னால் வந்தது என்று சொல்லாது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கல்லீரலைக் கேட்க வேண்டியதைக் கல்லீரலிடமே கேட்க எளிய வழி இருக்கிறது. வயது, இரத்தத்தில் அளக்கும் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, இரத்தத் தட்டணுக்கள் என்ற நான்கை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்கு. 1.3க்குக் கீழே வந்தால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. மேலே போனால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். எஸ்ஜிபிடி மட்டும் நார்மல் என்று நிம்மதி அடைவதும் தப்பு. ஃபேட்டி லிவர் உள்ள நிறையப் பேருக்கு அது நார்மலாகவே இருக்கும்.

சிறுநீர்ப் பரிசோதனையே வீண் என்று சொல்லவரவில்லை. ஃபேட்டி லிவர்காரர்கள் அதிகமாக இறப்பது இதயநோயில். ஆல்புமின் கசிவு இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் முன்கூட்டியே அடிக்கும் மணி. 2023இல் இந்த நோயின் பெயரையே 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்ற பொருளில் மாற்றினார்கள், உறவு அவ்வளவு நெருக்கம். ஆகவே ஆல்புமின் கூடியவர் கல்லீரலையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று தலைப்புப் போட்டிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டேன். 'கணித்துவிடலாம்' என்ற ஒரு சொல்தான் வம்பு. அடுத்த இதழில் ஒரு சிறு விளக்கம் போடுங்கள்.

மைத்துனர் ஒருவழியாக நாளைக்கு இரத்தம் கொடுக்கப் போகிறார். "அப்போ யூரின் டப்பா வேண்டாமா மச்சான்?" என்று கேட்டார். கொண்டு போங்கள், அது சிறுநீரகத்துக்கு என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்