மாத்திரை வாங்கியவர்கள் கணக்கு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்களுக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தாலே பயனாளிகள் எத்தனை பேர் என்பதுதான் தலைப்பாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே எங்கள் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் 1 கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் நடக்க முடியாத இரண்டு பாட்டிகளுக்குத் தன்னார்வலர் அக்கா வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார், அதனால் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்பதையும் அதே அளவு பெரிய எழுத்தில் சொல்ல வேண்டாமா?

தமிழக அரசே 2020-ல் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற உடல்நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், அவர்களில் வெறும் 10.8 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது என்றும் வந்தது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் இதில் சேர்த்திதான், இருந்தாலும் பத்தில் ஒருவர்தானா என்று படித்தபோது பதறிப்போனேன்.

என் அப்பா பல வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர். ஒவ்வொரு முறையும் விரலில் குத்திப் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், அவ்வளவுதான். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையோ, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையோ கால் வீங்கிய பிறகுதான் எடுத்தார்கள். இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காப்பீட்டுத் திட்டம் அந்தச் செலவை ஏற்கிறது, அதற்கு நன்றி. கூடவே போக அம்மா கூலி வேலையை விட்டுவிட்டார், அது யார் கணக்கிலும் இல்லை. அரசின் கணக்கில் அப்பா மாத்திரைக்கு ஒரு பயனாளி, டயாலிசிஸுக்கு இன்னொரு பயனாளி. இரண்டும் சாதனைப் பட்டியலில்தான் வரும், அவருடைய சிறுநீரகம் கெட்டது எந்தப் பட்டியலில் வரும் என்று யாராவது சொன்னால் தேவலை.

சர்க்கரை வராமல் தடுப்பது முடியாத காரியமும் இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா விட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு மூன்று வருடத்தில் நோய் வந்துவிட்டது. நடைப்பயிற்சி, சாப்பாடு இரண்டையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. விலை உயர்ந்த மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை.

எனவே சட்டமன்றத்தில் துறைக்குப் பணம் கேட்கும் அடுத்த மானியக் கோரிக்கையின்போது வரும் கொள்கை விளக்கக் குறிப்பில், மக்கள் நல்வாழ்வுத் துறை மாவட்டவாரியாக ஒரு அட்டவணை போடட்டும்: எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது, எத்தனை பேர் புதிதாக டயாலிசிஸுக்குப் போனார்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரையால் காலை வெட்டி எடுத்தார்கள், அப்புறம் இதற்கெல்லாம் காப்பீட்டில் போன பணம் எவ்வளவு, தடுப்புக்குச் செலவிட்டது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில்.

என் அண்ணனுக்கு 36 வயது. போன மாதம் பரிசோதித்துவிட்டு, "பார்டர்ல இருக்கு, மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லையாம். நாடு முழுக்க இந்த நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு மதிப்பிடுகிறது. அந்த அட்டவணையில் இவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

- ஒரு வாசகி, துறையூர்